வேனில் படுக்கை, கூரையில் சைக்கிள்... காஞ்சியைச் சுற்றி அப்பாவோடு 2 நாள்!

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். ஒரு வீடியோ கண்ணில் பட்டது. வயதான தம்பதி ஸ்பெயின் கிராமங்களை மோட்டார் ஹோமில் சுற்றி வருகிறார்கள். வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிவறை. பின்னால் இரண்டு சைக்கிள்கள். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு சைக்கிளில் ஊருக்குள் போகிறார்கள். ரொட்டி வாங்குகிறார்கள், ஊர்க்காரர்களோடு கதை பேசுகிறார்கள், ராத்திரி வண்டியிலேயே தூங்குகிறார்கள்.

அப்பா எட்டிப்பார்த்தார். "இதுல என்னம்மா அதிசயம்? இருபது வயசுல நான் இதைத்தானே பண்ணேன். வண்டிதான் இல்ல, சைக்கிள் மட்டும்தான்."

அப்பா காஞ்சிபுரம் பட்டு நெசவாளர். 38 வருஷம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர். முட்டி வலி தாங்காமல் போன வருஷம் தறியை விட்டு எழுந்தார். அன்றிலிருந்து திண்ணை, டிவி, மறுபடி திண்ணை. அதிகம் பேசுவதும் இல்லை. அவர் சைக்கிளில் ஊர் ஊராகப் போன கதை எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் ஆபீஸில் சொன்னேன். "ஸ்பெயின் எதுக்கு? காஞ்சிபுரத்துல முடியுமான்னு போய்ப் பார்த்துட்டு வந்து எழுது" என்றார் ஆசிரியர். போனோம். இது அந்தக் கதை.

ரயில் ஓடாத பாதையில் சைக்கிள்

முதலில் ஸ்பெயினில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். அங்கே கைவிடப்பட்ட ரயில் பாதைகளை 1993 முதல் சைக்கிள் பாதைகளாக மாற்றி வருகிறார்கள். 'வியாஸ் வெர்தேஸ்', அதாவது பசுமை வழிகள் என்று பெயர். இன்றைக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. தெற்கே ஓல்வெரா ஊரிலிருந்து புவெர்த்தோ செரானோ வரை 36 கிலோமீட்டர் பாதை ஒன்று, 30 சுரங்கங்களுக்குள் புகுந்து போகிறது. ரயிலுக்காகப் போட்ட அந்தப் பாதையில் கடைசிவரை ரயிலே ஓடவில்லை. இப்போது சைக்கிள் ஓடுகிறது.

இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, ஸ்பெயினின் பல கிராமங்களில் பெரியவர்கள்தான் மிச்சம். அதனால் வண்டியில் வருபவர்கள் தங்க எத்தனையோ ஊராட்சிகள் தனி இடம் ஒதுக்குகின்றன. குடிநீர்க் குழாய், கழிவுநீர் கொட்டும் வசதி, சமமான தரை, அவ்வளவுதான். வருகிறவர் ஓர் இரவு தங்கினால் ஊர்க் கடையில் நாலு பொருள் வாங்குவார் என்பது கணக்கு.

நம் பக்கத்திலும் பேச்சு தொடங்கிவிட்டது. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, வாகமனில் கேரவன் பார்க்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இருக்கிறது. ஆனால், சொகுசு கேரவன் நம் வீட்டு பட்ஜெட்டுக்கு ஆகுமா?

எங்கள் 'மோட்டார் ஹோம்' சித்தப்பாவின் பழைய ஆம்னி வேன். பின் சீட்டை மடக்கி மெத்தை விரித்தோம். ஜன்னலுக்கு அம்மாவின் பழைய வாயில் புடவை. கூரை கேரியரில் என் லேடீஸ் சைக்கிளையும் அப்பாவின் பழைய ஹெர்குலிஸையும் கயிறு போட்டு இறுக்கினோம். முடிச்சு அப்பா போட்டது. இழை முடிந்தே பழகிய கை, இரண்டு நாளும் அது அசையவில்லை.

சாமி போகிற வழி

தை மாத சனிக்கிழமை, காலை ஆறு மணி. செவிலிமேடு தாண்டி பாலாற்றுப் பாலம் ஏறியதும் அப்பா சொன்னார்: "அப்போ ஆத்துல தண்ணி இல்லாத நாள்ல மணல்லயே சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போயிடுவோம். கேரியர்ல பட்டு நூலும் ஜரிகையும் இருக்கும். தறிக்காரங்க வீட்ல கொடுத்துட்டு, நெஞ்சு முடிச்ச புடவையை வாங்கிட்டு வரணும். முதலாளி சைக்கிளுக்குக் காத்தடிக்கக் காசு தருவார்."

முதல் நிறுத்தம் அய்யங்கார்குளம். சஞ்சீவிராயர் கோயிலுக்குப் பக்கத்தில் பூமிக்குள் இறங்கும் படிக்கட்டு, கீழே கிணறு, அதைச் சுற்றி மண்டபம். இதுதான் நடவாவி. சித்ரா பௌர்ணமிக்கு முன் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். காஞ்சி வரதராஜப் பெருமாள் பல்லக்கில் வந்து அந்த மண்டபத்தில் எழுந்தருள்வார். மற்ற நாட்களில் படியில் நின்று தண்ணீரைத்தான் பார்க்க முடியும்.

காஞ்சிபுரத்துக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் பெருமாளைக் கோயிலில் பார்த்துவிட்டு, புடவை எடுத்துக்கொண்டு, சாயங்காலம் சென்னைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பெருமாளோ கிராமம் கிராமமாகக் கிளம்பிவிடுகிறார்!

அடுத்து, தூசிக்குப் பக்கத்தில் மாமண்டூர். ஜி.எஸ்.டி. சாலையிலும் ஒரு மாமண்டூர் இருக்கிறது. மேப்பில் தேடும்போது 'தூசி மாமண்டூர்' என்று போடுங்கள். சின்னக் குன்றில் 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் குடைவரைகள் நான்கு. மகேந்திரவர்மன் காலக் கல்வெட்டும் உண்டு. குன்றை ஒட்டியே பெரிய ஏரி. சித்திரமேகத் தடாகம் என்பது அதன் பழைய பெயர் என்கிறார்கள் வரலாற்றாளர்கள்.

வடகிழக்குப் பருவமழை நிரப்பிவிட்டுப் போன தண்ணீர். அந்தப் பக்கம் ஏரி, இந்தப் பக்கம் நெல் வயல், நடுவில் கரைமேல் நாங்கள். அப்பா மெதுவாகத்தான் மிதித்தார். "தறி மிதிச்ச காலும்மா, இதுக்கு மிதிக்கறது புதுசா?" என்று சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டே போனதில், வேலிக்காத்தான் முள் மேல் ஏற்றிவிட்டேன். பஞ்சர்! கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தோம். ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுபவர்கள் பஞ்சர் கிட்டையும் காற்றடிக்கும் பம்பையும் மறக்காதீர்கள்.

ராத்திரி எங்கே தூங்குவது?

இந்தப் பயணத்தில் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்த கேள்வி இதுதான். காஞ்சிபுரம் திரும்பி, ஓரிக்கை வழியாக உத்திரமேரூர் சாலையைப் பிடித்தோம். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கழிவறைக் கதவுக்குப் பூட்டு. இன்னொரு இடத்தில் பூட்டு இல்லை, தண்ணீரும் இல்லை. ஆண்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். எனக்கு, மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிற அளவுக்குப் பெரிய விஷயம்.

இருட்டும் நேரத்தில் மாகறல் போய்ச் சேர்ந்தோம். பாடல் பெற்ற சிவன் கோயில் உள்ள ஊர். டீக்கடையில் விசாரித்தபோது கடைக்கார அக்கா என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். "பொம்பளப் புள்ளைய வெச்சிக்கிட்டு ரோட்டோரம் படுக்கப் போறீங்களாண்ணே? எங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துங்க. பாத்ரூம் இருக்குது, கூச்சப்படாம வாம்மா."

அன்றைக்கு ராத்திரி அந்த வாசலில் தூங்கினோம். காலையில் காசு கொடுத்தால் வாங்க மறுத்துவிட்டார். அவர் கடையிலேயே இட்லி சாப்பிட்டு, வழிக்குத் தண்ணீரும் முறுக்கும் வாங்கிக்கொண்டோம். ஸ்பெயினில் ஊராட்சி செய்யும் வேலையை இங்கே ஓர் அக்கா தனியாளாகச் செய்துவிட்டார். ஆனால், எல்லா ஊரிலும் எல்லோருக்கும் இப்படி ஒரு அக்கா கிடைப்பாரா?

"நமக்கு அப்பவும் சீட்டு இல்ல"

ஞாயிற்றுக்கிழமை காலை உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில்தான் அந்தப் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, எல்லோர் முன்னிலையிலும் ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் மட்டுமல்ல, அவர்களின் உறவினர்களும் நிற்க முடியாது.

அப்பா கேட்டார்: "யார் வேணா நிக்கலாமா?"

வயது 35-லிருந்து 70-க்குள், வரி கட்டுகிற கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு என்று தகுதிகளை அடுக்கினேன்.

"அப்போ தறிக்காரனுக்கு அப்பவும் சீட்டு இல்ல" என்றார். பெண்களுக்கும் இல்லை என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஏரியையும் தோட்டத்தையும் யார் பார்த்துக்கொள்வது என்று ஊரே உட்கார்ந்து முடிவு செய்ததைத்தான் 1,100 வருஷமாக இந்தக் கல் சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்றைக்குக் கிராம ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் யாரும், நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆணோ பெண்ணோ, கிராம சபையில் எழுந்து பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாட்கள். "நம்ம ஊருக்கு வர்றவங்க வண்டி நிறுத்த ஓர் இடம், பூட்டாத கழிவறை, ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டும்" என்று அங்கே ஒரு தீர்மானம் போட்டால் போதும். பயணிக்கு மட்டுமல்ல, சந்தைக்கு வரும் பெண்ணுக்கும், பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அது உதவும்.

15 படுக்கை மருத்துவமனை

அங்கிருந்து திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு இருக்கிறது. வேதப் பள்ளி, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை. மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என எல்லோருக்கும் என்ன கூலி, என்னென்ன மருந்துகள் இருப்பில் இருக்க வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பா குனிந்து பார்த்து, "முட்டி வலிக்குத் தைலம் எதனா இருக்குதா பாரு" என்றார்.

இந்தப் பக்கத்தில் ஜல்லி லாரிகள் அதிகம். அதனால் சைக்கிளை இறக்காமல் வேனிலேயே பாலம் தாண்டினோம். அக்கரையில் பழையசீவரம். மாட்டுப் பொங்கல் அன்று பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் இந்த மலைக்குத்தான் வருவார்.

அய்யம்பேட்டையில் கேட்ட சத்தம்

வாலாஜாபாத் தாண்டி, காஞ்சிபுரம் போகும் வழியில் அய்யம்பேட்டை. நெசவாளர் ஊர். தெருவுக்குள் சைக்கிளில் போனபோது ஒரு வீட்டிலிருந்து தறிச் சத்தம். அப்பா சட்டென்று பிரேக் பிடித்தார்.

உள்ளே அவர் வயதுக்காரர் ஒருவர். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "சைக்கிள்ல நூல் கொண்டாருவியே, நீதானப்பா?" என்றார். தறியில் கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், இரண்டையும் நெய்யும்போதே கோர்க்க வேண்டும். மூன்று நாடா, இரண்டு ஆள் வேலை. எதிர்ப்பக்கம் நாடா போட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி. "புள்ளைங்க கம்பெனி வேலைக்குப் போயிடுச்சுங்க. இவளும் உட்காரலைன்னா தறியை நிறுத்த வேண்டியதுதான்" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "எட்டு வயசுல எங்கப்பாவுக்கு எதிர்ல நாடா போட உட்கார்ந்தேம்மா. உன்னை உட்கார வைக்கக் கூடாதுன்னுதான் படிக்க வெச்சேன்." நான் எதுவும் சொல்லவில்லை. டிப்ளமோ ஃபீஸ் எந்தப் புடவையிலிருந்து வந்தது என்று இதுவரை நான் கேட்டதே இல்லை.

நீங்களும் கிளம்பலாம்!

* டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம். ஏரி நிறைந்திருக்கும், வேனுக்குள் புழுங்காது.
* வண்டியை நிரந்தரமாக மாற்றி அமைக்க ஆர்.டி.ஓ. அனுமதி தேவை. மெத்தை விரிக்கத் தேவையில்லை.
* சைக்கிளைப் பின்னால் கட்டினால் நம்பர் பிளேட், விளக்குகள் மறையக் கூடாது.
* ஊருக்குள் நிறுத்தும் முன் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். இருட்டும் முன் இடத்தை முடிவு செய்யுங்கள்.
* ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்குங்கள். வண்டிக்குள் அடுப்பு வேண்டாம்.
* சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த ஊரிலேயே சாப்பிடுங்கள். குப்பையை மட்டும் திரும்ப எடுத்து வாருங்கள்.
* வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அழைத்துப் போங்கள். மேப்பில் இல்லாத வழி அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிறு ராத்திரி வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, சைக்கிளை இறக்கக் கயிற்றில் கை வைத்தேன். திண்ணையில் உட்காரப் போன அப்பா திரும்பி வந்தார்.

"அவுக்காத, இருக்கட்டும். வேடந்தாங்கல்ல இப்பதான் பறவைங்க வந்திருக்குமாம். சித்தப்பாகிட்ட வண்டியை அடுத்த வாரமும் கேளு."