மலிவு சரி, எதனால் மலிவு? - இத்தாலியர்கள் ஒயின் வாங்கும் சூட்சுமம்!

இத்தாலியின் சிற்றூர்களில் ஒயின் கூட்டுறவுக் கூடங்களின் வாசலில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கார் டிக்கியிலிருந்து ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனையோ, கூடைக்குள் உட்கார்ந்திருக்கும் பெரிய கண்ணாடிக் குடுவையையோ இறக்கிக்கொண்டு வருவார்கள். உள்ளே, பெட்ரோல் பங்கில் இருப்பது போன்ற குழாய். கேனுக்குள் நீட்டினால் ஒயின் நிரம்பும். லிட்டர் இரண்டு, மூன்று யூரோதான்.

'ஸ்ஃபூசோ' என்று இதற்குப் பெயர். பாட்டிலில் அடைக்காமல் அளந்து விற்கும் ஒயின். லேபிள் இல்லை, கார்க் இல்லை. ஆனாலும் வாங்குபவருக்குப் பயமில்லை. திராட்சை விளைந்த தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. அதை விளைவித்தவர் உள்ளூர்க்காரர்.

எங்கிருந்து வந்தது என்றே தெரியாத மலிவு ஒயின் என்ன செய்யும் என்பதையும் அந்த நாடு பார்த்திருக்கிறது. 1986 மார்ச்சில் வடக்கு இத்தாலியில், கடையில் வாங்கிய சாதாரண ஒயினைக் குடித்தவர்கள் அடுத்தடுத்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிலருக்குப் பார்வை போனது. காரணம், மெத்தனால்.

மொத்த வியாபாரத்தில் ஆல்கஹால் அளவை வைத்துத்தான் ஒயினுக்கு விலை. நீர்த்துப்போன ஒயினின் அளவை உயர்த்திக் காட்ட, விலை குறைந்த மெத்தனாலைக் கலந்துவிட்டார்கள். அந்த விஷம் என்ன செய்யும் என்று நம் ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததும் இதே மெத்தனால்தான். (கலப்படமில்லாத ஒயினும் உடம்புக்கு நல்லதல்ல; அது தனிப் பேச்சு.)

இத்தாலி ஒயினைப் பல நாடுகள் எல்லையிலேயே நிறுத்திச் சோதித்தன. ஏற்றுமதி சரிந்தது. தப்பே செய்யாத விவசாயிகளும் அடிபட்டார்கள். குறிப்பாக, பியட்மாண்ட் பகுதியின் எளிய குடும்பங்கள் வழிவழியாகக் குடித்துவந்த 'பார்பெரா' ஒயினின் பெயர் கெட்டுப்போனது.

ஆக, விலை குறைவா என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. எதனால் குறைவு என்று பார்க்க வேண்டும். நியாயமான காரணங்களும் நிறைய உண்டு.

முதலில், காத்திருப்பு. டஸ்கனியில் மொந்தல்சீனோ என்ற குன்றின் மேல் ஓர் ஊர். அங்கே 'சாஞ்சொவேசே' திராட்சையில் செய்யும் 'புருனெல்லோ' உலகப் புகழ் பெற்றது. 2020-ல் பறித்த திராட்சையில் செய்தால், 2025 ஜனவரியில்தான் விற்பனைக்கு விட வேண்டும் என்பது சட்டம். அத்தனை காலம் போட்ட பணம் பீப்பாயிலும் பாட்டிலிலும் முடங்கிக் கிடக்கும். அந்தச் செலவும் விலையில் ஏறும். அதே ஊர், அதே திராட்சை, பெரும்பாலும் அதே தயாரிப்பாளர்கள் செய்யும் 'ரோஸோ தி மொந்தல்சீனோ' மறு வருடம் செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிடும். பல நேரங்களில் பாதி விலைகூட இருக்காது. பியட்மாண்டில் 'பரோலோ' வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் அதே நெபியோலோ திராட்சையின் 'லாங்கே நெபியோலோ'வைத் தேடுவதும் இந்தக் கணக்கில்தான்.

அடுத்தது, பெயர். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மொந்தெபுல்ச்சானோ என்பது டஸ்கனியில் ஓர் ஊர். அங்கே செய்யும் 'வீனோ நோபிலே' விலை கூடியது. அதே பெயரில் ஒரு திராட்சை ரகமும் இருக்கிறது. அட்ரியாடிக் கடலோரத்தில் அப்ரூஸோ என்ற பகுதியில் அது விளைகிறது. 'மொந்தெபுல்ச்சானோ தப்ரூஸோ' அந்தத் திராட்சையில் செய்தது. ஊருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால், குறைந்த விலைக்குக் கிடைக்கும் நல்ல சிவப்பு ஒயின்களில் அதற்குத் தனி இடம் உண்டு.

தெற்கே புலியாவும் சிசிலியும் வெகுகாலம் தங்கள் ஒயினை டாங்கர்களில் வடக்கே அனுப்பிக்கொண்டிருந்தன. வடக்கத்தி ஒயினின் நிறத்தையும் வலுவையும் கூட்டத்தான் அது பயன்பட்டது. இன்று புலியாவின் பிரிமிதீவோ, நெக்ரோஅமாரோ, சிசிலியின் நேரோ தாவோலா ஆகியவை சொந்தப் பெயரிலேயே பாட்டிலில் வருகின்றன. கலிஃபோர்னியாவில் கொண்டாடும் ஜின்ஃபண்டெலும் இந்தப் பிரிமிதீவோவும் ஒரே ரகம்தான் என்று மரபணுச் சோதனை சொல்லிவிட்டது.

பாட்டிலில் டிஓசி, டிஓசிஜி என்ற எழுத்துகள் இருந்தால்? டிஓசி சட்டம் வந்தது 1963-ல். எங்கே விளைந்தது, எந்த விதிப்படி செய்தது என்பதற்குத்தான் அந்த எழுத்துகள் பொறுப்பு, ருசிக்கு அல்ல. இன்று ஏகப்பட்ட விலைக்குப் போகும் 'சஸிகாயா', விதிக்குள் அடங்காததால் ஒரு காலத்தில் வெறும் 'மேஜை ஒயின்' என்ற கடைசி வகுப்பில்தான் விற்றது!

இந்த எழுத்துகளைவிட, பாட்டிலின் பின்பக்கத்துச் சிறிய வரி உதவும். 'இம்பொத்தில்யாத்தோ அல்லோரிஜினே' என்று இருந்தால், விளைந்த இடத்திலேயே பாட்டிலில் அடைத்தது என்று பொருள். அதோடு தயாரிப்பாளர் பெயரும் ஊரும் தெளிவாக இருந்தால், கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.

விவசாயிகள் கூட்டுறவு என்றால் இன்னும் விசேஷம். பியட்மாண்டின் பார்பரெஸ்கோ கிராமத்தில், தனித்தனியே பிழைக்க முடியாமல் தவித்த 19 சிறு விவசாயிகளை 1958-ல் ஒன்றுசேர்த்தவர் அந்த ஊர்ப் பாதிரியார். இன்று சுமார் 50 குடும்பங்கள் அதில் இருக்கின்றன. நெபியோலோவைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. பெரிய பெயர்கள் கேட்கும் விலையில் ஒரு பங்குக்கே அவர்களின் பாட்டில் கிடைக்கிறது. முதல் மூன்று வருடம் ஒயின் செய்ய அவர்களுக்குக் கிடைத்த இடம், மாதா கோயிலின் நிலவறை.