உங்களுக்குத் தெரியுமா? – படகு இரவில் தங்குமிடம்

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய தோல் பதனிடும் ஊர்களைத் தொட்டுக்கொண்டு, வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகவே காட்சியளிக்கும் நம் பாலாறு, கடலோடு சங்கமமாவதற்குச் சற்று முன்னர், சதுரங்கப்பட்டினத்திற்குத் தெற்கே, ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் ஓடிய பக்கிங்ஹாம் கால்வாயைக் குறுக்கே கடக்கிறது. 1806-ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிப் பின்னர் இருபுறமும் நீண்டு, தாது வருஷப் பஞ்சத்தின்போது கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பெற்ற அக்கால்வாயில், கழிமுகங்களின் வழியே கடல்நீர் ஏறி இறங்கியமையால், படகு எங்கே நிற்பது, எப்போது புறப்படுவது என்பதைக் கடிகாரத்தைக் காட்டிலும் நீரேற்றமே தீர்மானித்திருக்க வேண்டும்.

இன்று படகில் இரவு தங்க விரும்புவோர் நாடிச் செல்லும் ஆலப்புழையிலோ, மாலை ஐந்தரை மணியளவில் வீட்டுப்படகுகள் யாவும் ஓட்டத்தை நிறுத்திக் கரையில் கட்டப்பட்டுவிட வேண்டும் என்பது விதி. ஏனெனில், அதன்பிறகு அந்த ஜலமார்க்கம் வலை வீசும் மீனவர்களுக்கு உரியது. நியாயமான ஏற்பாடுதான். இடம் தேடும் சிரமம் பிரயாணிக்கு இல்லை, படகோட்டி பார்த்துக்கொள்வார். எனினும் பல படகுகள் நெருங்கி நின்று ஜெனரேட்டர்கள் இரைந்துகொண்டிருக்கும் கரையில் நித்திரை வருவது துர்லபமாதலால், முன்பணம் கொடுக்குமுன் இரவில் எவ்விடத்தில் கட்டுவார்கள் என்று விசாரித்துக்கொள்வது உசிதம்.