மின் திருக்கை செய்த வைத்தியம்

ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பிள்ளைகளுக்குத் திருக்கை மீனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதன் வால் முள்ளுக்குப் பயப்படாதவர் யார்? ஆனால் அந்த இனத்திலேயே மின்சாரத்தை ஆயுதமாக வைத்திருக்கும் மின் திருக்கையும் உண்டு. தலையின் இருபுறமும் தட்டுத் தட்டாக அடுக்கிய கலங்கள் ஒரே நேரத்தில் மின்சாரத்தை விட, தொட்டவர் கை விறைத்துப்போகும்.

கி.பி. 47 அளவில் ரோமாபுரி வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் இதையே மருந்தாக எழுதிவைத்தார். தலையிடியா? உயிருள்ள மின் திருக்கையைத் தலையில் வை. காலில் வாதமா? கடற்கரை ஈரத்தில் மீனை மிதித்துக்கொண்டு, முழங்கால்வரை விறைக்குமட்டும் நில். (நீங்கள் செய்து பார்த்துவிடாதேயுங்கோ!)

உண்மையில் நம் மூளையே மின்சாரத்தில்தான் கதைக்கிறது. அங்கே ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள் கூட்டம் கூட்டமாகத் தொடர்புபட்டிருக்கின்றன. இவற்றைப் படகுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் கரைச்சல் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் புறப்பட்டால் துறையே அடைபட்டுவிடும். பார்க்கின்சன் நோயில் நடப்பதும் இதுதான். டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அழிந்துபோக, அசைவை நடத்தும் கலங்கள் பல ஒரே தாளத்தில் சேர்ந்து துடிக்கத் தொடங்குகின்றன. கை நடுங்குகிறது, நடை தடுமாறுகிறது.

1987 இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனபிட் என்ற மருத்துவர் நடுக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் மூளையின் ஒரு சிறு இடத்தைச் சுட்டு அழிப்பார்கள். சுடுமுன், இடம் சரிதானா என்று பார்க்க மெல்லிய மின்சாரம் விடுவது வழக்கம். அவர் துடிப்பின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். நொடிக்கு 100 அளவில் நடுக்கம் நின்றது! மின்சாரத்தை நிறுத்தினால் திரும்பி வந்தது. அப்படியானால் எதற்குச் சுடவேண்டும், கம்பியை அங்கேயே விட்டுவிடலாமே! என்னைக் கேட்டால், அவருடைய கெட்டித்தனம் வேகத்தை மாற்றிப் பார்த்ததில்தான் இருக்கிறது.

இன்று மெல்லிய கம்பியை மூளைக்குள் இறக்கி, தோலின்கீழ் கழுத்துவழியே கொண்டுவந்து, நெஞ்சில் வைத்த சிறு பற்றரியோடு இணைக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிறுவனத்திலும் இது நடக்கிறது. பெரும்பாலும் நோயாளி விழித்திருப்பார். மூளைக்கு வலி தெரியாது. பேனையைக் கொடுத்துச் சுருள் வரையச் சொல்வார்கள். கோணல்மாணலாக ஓடிய கோடு, மின்சாரம் விட்டதும் வழுவழுவென்று சுற்றும்.

ஆனால் இதனால் நோய் மாறிவிடாது, பற்றரி நின்றால் நடுக்கம் வந்துவிடும். மூளையின் தாளத்தைத் தானே கேட்டு, மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு அமெரிக்காவில் 2025 இல் அனுமதி கிடைத்திருக்கிறது.