எலெக்ட்ரான் எங்கே இருக்கிறது? ஆறாம் படிவ மாணவர்களைக் குழப்பும் இரண்டு வரைபடங்கள்

எஸ்பிஎம் வேதியியலில் நல்ல தேர்ச்சி பெற்ற மாணவர்கள்கூட ஆறாம் படிவத்திலும் மெட்ரிகுலேஷனிலும் தடுமாறும் பாடங்களில் ஒன்று அணு அமைப்பு. பொட்டாசியத்தின் 19 எலெக்ட்ரான்களை 2.8.8.1 என வட்டம் வட்டமாக வரைந்து பழகியவர்களுக்கு, இப்போது வட்டத்திற்குப் பதில் மேகம் காட்டப்படுகிறது.

எலெக்ட்ரான் வட்டப்பாதையில் சுற்றுகிறது என்பது 1913-இல் நீல்ஸ் போர் முன்வைத்த மாதிரி. 1926-இல் எர்வின் ஷ்ரோடிங்கர் எலெக்ட்ரானை அலைச்சார்பு ஒன்றால் விவரித்தார். அந்த அலைச்சார்பின் வர்க்கம், ஓரிடத்தில் எலெக்ட்ரான் அகப்படும் நிகழ்தகவைத் தருகிறது என்று அதே ஆண்டில் மேக்ஸ் போர்ன் விளக்கினார். இதற்காக அவருக்கு 1954-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே, ஆர்பிட்டல் என்பது எலெக்ட்ரான் ஓடும் பாதை அல்ல. அது எங்கே அகப்படக்கூடும் என்பதற்கான கணக்கு. ஹைட்ரஜன் படத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் இருந்தாலும் எலெக்ட்ரான் ஒன்றுதான். புள்ளிகள் நெருங்கியிருக்கும் இடத்தில் வாய்ப்பு அதிகம், அவ்வளவே.

குழப்பம் எங்கே?

1எஸ் ஆர்பிட்டலுக்குப் பாடநூலில் இரண்டு வரைபடங்கள் இருக்கும். ஒன்றில் உச்சம் அணுக்கருவிலேயே இருக்கிறது. மற்றொன்று அணுக்கருவில் சுழியில் தொடங்கி, 52.9 பிக்கோமீட்டரில் உச்சம் தொட்டு இறங்குகிறது. எது சரி? இரண்டுமே சரி. அவை பதில் சொல்லும் கேள்விகள்தாம் வேறு.

தரையில் ஒரு புள்ளி வைத்து, அதைக் குறிபார்த்து 40 ரப்பர் கொட்டைகளை வீசுவதாக வைத்துக்கொள்வோம். புள்ளியைச் சுற்றி ஓரடிக்கு ஒன்றாக நான்கு வட்டங்கள். உள்ளிருந்து வெளியே எண்ணினால் 8, 15, 10, 7 கொட்டைகள் கிடக்கின்றன. நெருக்கம் எங்கே அதிகம்? நடுவில்தான். ஆனால், அதிகக் கொட்டைகள் கிடப்பது இரண்டாவது வளையத்தில். காரணம், வளையங்களின் பரப்பு 1:3:5:7 என்று கூடிக்கொண்டே போகிறது. பரப்பால் வகுத்தால் நெருக்கம் 8, 5, 2, 1 எனக் குறைகிறது.

அணுவிலும் இதே கதைதான். முதல் வரைபடம் ஓரிடத்தின் நெருக்கத்தைக் காட்டுகிறது. இரண்டாவது, குறிப்பிட்ட தூரத்தில் உள்ள மெல்லிய கோள ஓடு முழுவதிலும் வாய்ப்பைக் கூட்டிக் காட்டுகிறது. ஓட்டின் பரப்பு தூரத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுகிறது, நெருக்கமோ குறைகிறது. இரண்டையும் பெருக்கும்போது இடையில் ஓர் உச்சம் பிறக்கிறது.

அந்த 52.9 பிக்கோமீட்டர், போர் கணித்த வட்டப்பாதையின் ஆரமேதான். ஆனால் எலெக்ட்ரான் அங்கேயே கட்டுண்டு கிடக்கவில்லை. அந்தத் தூரத்திற்குள் அது அகப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 32 விழுக்காடுதான். மீதி 68 விழுக்காடு அதற்கு வெளியே.

தேர்வுக்கு என்ன பயன்?

2எஸ் வரைபடத்தில் அணுக்கருவுக்கு அருகே ஒரு சிறு மேடும், தொலைவில் ஒரு பெரிய மேடும் இருக்கும். 4எஸ் ஆர்பிட்டலுக்கும் இப்படிச் சிறு மேடுகள் உள்ளே உண்டு. உள் எலெக்ட்ரான்களின் மறைப்பைத் தாண்டி அணுக்கரு அதை இழுக்க இதுவே வழி. பொட்டாசியத்தின் 19-ஆவது எலெக்ட்ரான் 3டி-க்குப் போகாமல் 4எஸ்-இல் அமர்வது இதனால்தான். நான்காம் படிவத்தில் காரணம் தெரியாமல் மனனம் செய்த 2.8.8.1 இங்கேதான் புரிகிறது.

வரைபடம் கேள்வியாக வந்தால், வளைகோட்டைப் பார்க்குமுன் செங்குத்து அச்சில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். எஸ் ஆர்பிட்டலின் கோடு அணுக்கருவில் உச்சத்தில் தொடங்கினால் அது அடர்த்தி. சுழியில் தொடங்கினால் தூரத்தைப் பொறுத்த பரவல். இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.