கணனியின் திறப்பு யார் கையில்?

பெரும்போக விதைப்புக் காலம். இடம்பெயர்ந்து வந்து கல்முனைப் பக்கத்தில் குடியிருக்கும் விவசாயக் குடும்பங்களின் சங்கக் காரியாலயம் ஒன்றை மனதில் எண்ணிக்கொள்வோம். பசளை மானியத்துக்கான பெயர்ப்பட்டியலை மறுநாள் காலை கமநல சேவை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அங்கத்தவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், வயற்காணியின் அளவு எல்லாம் காரியாலயத்தில் உள்ள ஒரேயொரு கணனிக்குள் இருக்கின்றன. பின்னேரம் நான்கு மணிக்கு அச்சு இயந்திரம் வேலை செய்ய மறுக்கிறது.

"திருத்துற ஆள் எப்ப வருவார் மகள்?" என்று தலைவர் கேட்கிறார்.

"நாளண்டைக்குத்தானாம் மாமா. ஆனா கொழும்பில இருக்கிற நம்மட ஊர்த் தம்பி, அங்க இருந்துகொண்டே பார்த்துத் தாறன் எண்டு சொல்றார்" என்கிறார் செயலாளர்.

தம்பி சொன்னபடி ஒரு மென்பொருளை இறக்குகிறார்கள். திரையில் தெரிந்த இலக்கத்தைத் தொலைபேசியில் வாசிக்கிறார்கள். சற்று நேரத்தில் மவுஸின் அம்புக்குறி தானாக நகர்கிறது. பத்து நிமிடத்தில் பட்டியல் அச்சாகி வெளியே வருகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்போது தம்பி நல்லெண்ணத்தோடு ஒன்று சொல்கிறார்: "இனி உங்களக் கரைச்சல்படுத்தாம, ஒரு நிரந்தரக் கடவுச்சொல் போட்டு விடட்டா? நானே வந்து பார்த்துக்கொள்வன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? இந்தக் கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது அதைத்தான்.

எமக்கு ஏன் இது பெரிய விடயம்?

இடம்பெயர்ந்தவர்களுக்குக் கடதாசி என்பது வெறும் கடதாசி அல்ல. யுத்த காலத்தில் ஓடியபோது பலர் காணி உறுதியையும் உத்தரவுப்பத்திரத்தையும் சீலைத்துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது, இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் எமது அம்பாறை மாவட்டமே. அன்று உயிர் தப்பியவர்களிலும் எத்தனையோ பேர் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் காணிப் பத்திரங்களையும் இழந்தார்கள். அவற்றை மீண்டும் பெறுவதற்காக அவர்கள் ஏறி இறங்கிய காரியாலயப் படிகள் கொஞ்சமல்ல.

இன்று அந்தப் பத்திரங்களின் பிரதிகள் கணனிக்குள் வந்துவிட்டன. ஆகவே, கணனிக்குள் யாரை விடுவது என்பது, வீட்டு அலுமாரியின் திறப்பை யாரிடம் கொடுப்பது என்பதைப் போன்ற கேள்வியாகும்.

இது எப்படி நடக்கிறது?

எமது திரையில் தெரிவது படமாக மாறி, இணையத்தின் வழியே உதவியாளரின் திரைக்குப் போகிறது. அவர் மவுஸை அசைப்பதும் விசைகளை அழுத்துவதும் அதே வழியாகத் திரும்பி வந்து எமது கணனியில் நடக்கின்றன. பெரும்பாலும் மென்பொருள் நிறுவனத்தின் சேவையகம் ஒன்று இடையில் நின்று இரண்டு கணனிகளையும் இணைத்து வைக்கிறது.

இதில் எமக்குள்ள நன்மைகளை மறுக்க முடியாது. கொழும்பிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஆள் வரும்வரை காத்திருக்கும் நாளும் பஸ் காசும் மிச்சமாகின்றன. இன்னொரு நன்மையும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோவையை மின்னஞ்சலில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். தூரத்திலிருந்து எமது திரையையே பார்க்கும்போது, நாம் காண்பதை அவரும் காண்கிறார்.

இரண்டு விதமான வாசல்கள்

இம் மென்பொருள்களை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்று, ஒவ்வொரு முறையும் கேட்டு வருவது. அந்த ஒரு தடவைக்கு மட்டும் ஒரு குறியீடு உண்டாகிறது. நாம் சம்மதித்தால்தான் அவர் உள்ளே வருவார். வேலை முடிந்ததும் வாசல் மூடப்படுகிறது. மற்றது, நிரந்தரக் கடவுச்சொல்லை வைத்துக் கேளாமல் வருவது. கணனி இயங்கிக்கொண்டு இணையத்தோடு தொடர்பில் இருந்தால் போதும், காரியாலயத்தில் யாரும் இல்லாத நேரத்திலும் அவர் வரலாம்.

பெரிய நிறுவனங்களுக்கு இரண்டாவது முறை தேவைப்படுகிறது. அங்கே அதைக் கண்காணிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். எம்மைப் போன்ற சங்கங்களுக்கு முதலாவது முறையே போதுமானது. தம்பி நல்லவராக இருக்கலாம். ஆனால் அந்தக் கடவுச்சொல் அவருடைய கைத்தொலைபேசியில் இருக்கும். தொலைபேசி களவு போனால் எமது வாசலும் திறந்துவிடும்.

எதைத் தெரிவு செய்வது?

1. குவிக் அசிஸ்ட். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணனிகளுக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தருவது. கட்டணம் இல்லை. உதவியாளர் தமது கணக்கினூடாகப் பெறும் குறியீட்டை எமக்குச் சொல்வார். நாம் அதை இட்டுச் சம்மதித்தால் அவர் திரையைப் பார்க்கலாம். கணனியை இயக்குவதற்கு அவர் மீண்டும் ஒரு முறை அனுமதி கேட்க வேண்டும். குறியீடு சிறிது நேரத்துக்கே செல்லுபடியாகும்.

2. குரோம் ரிமோட் டெஸ்க்டொப். கூகிள் நிறுவனத்தினுடையது, இதுவும் இலவசம். கூகிள் கணக்கு வேண்டும். எமது கணனியில் தோன்றும் 12 இலக்கக் குறியீட்டை உதவியாளருக்குச் சொல்கிறோம். அது ஒரு முறைக்கு மட்டுமே பயன்படும். 30 நிமிடத்துக்கு ஒரு தடவை, தொடர்ந்தும் அனுமதிக்கிறீர்களா என்று எம்மிடம் கேட்கும்.

3. டீம்வியூவர், எனிடெஸ்க். முன்னையது 2005இலும் பின்னையது 2014இலும் ஜேர்மனியில் தோன்றியவை. பாவிக்க இலகுவானவை. ஆனால் இலவசம் என்பது தனிப்பட்ட பாவனைக்கு மட்டுமே. சங்கக் காரியாலயமும் கொமியூனிகேஷன் கடையும் அதற்குள் அடங்கா. வர்த்தகப் பாவனை என்று சந்தேகம் வந்தால் இணைப்புத் தடைப்படும். பட்டியல் கொடுக்க வேண்டிய நாளில் அப்படி நடந்தால் எமது பாடு திண்டாட்டந்தான்.

4. ரஸ்ட்டெஸ்க். மூல நிரல் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்ட மென்பொருள். நாமே ஒரு சேவையகத்தை வைத்து இதை நடத்தலாம். பல சங்கங்கள் ஒன்று சேர்ந்து, விடயம் தெரிந்த ஒருவரைப் பொறுப்பாக வைத்தால் இது பொருத்தமானது. தனியொரு சங்கத்துக்கு இது பாரம்.

5. விண்டோஸுக்குள் இருக்கும் ரிமோட் டெஸ்க்டொப். வீட்டுப் பாவனைக்கான 'ஹோம்' பதிப்பில் வெளியிலிருந்து இவ்வாறு உள்ளே வர முடியாது. மற்றப் பதிப்புகளில் இதை நேரடியாக இணையத்துக்குத் திறந்து விடுவது கள்வருக்கு வழிகாட்டுவதாகும். எமக்கு வேண்டாம்.

ஆகவே எமது ஆலோசனை இதுதான்: ஒரு கணனி, ஓர் உதவியாளர் என்ற நிலையில் உள்ள சங்கங்கள் முதல் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யட்டும்.

பெயரை மட்டும் நம்பலாமா?

2019 பெப்ரவரியில் இந்தியாவின் ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க்கைத் தொலைபேசியில் இறக்க வைத்து வங்கிப் பணத்தைத் திருடுகிறார்கள் என்று வங்கிகளை எச்சரித்தது. 2024 பெப்ரவரியில், தமது சேவையகங்களுக்குள்ளேயே ஊடுருவல் நடந்ததாக எனிடெஸ்க் நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு மே மாதத்தில், குவிக் அசிஸ்ட்டையும் மோசடிக்காரர் பயன்படுத்துவதாக மைக்ரோசொஃப்ட்டே சொன்னது. முதலாவதிலும் மூன்றாவதிலும் கள்வர் பூட்டை உடைக்கவில்லை. "உங்கள் கணக்கில் பிழை, திருத்தித் தருகிறோம்" என்று இனிமையாகப் பேசி, உரியவரைக் கொண்டே வாசலைத் திறக்க வைத்தார்கள்.

பயிரில் நோய் கண்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு நாமே பேசுகிறோம். அரசாங்க சேவைகளை அறிய 1919க்கும் நாமே பேசுகிறோம். கணனி உதவியிலும் இந்த ஒழுங்கு மாறக்கூடாது. உதவி கேட்டு அழைப்பவர் நாமாக இருக்க வேண்டும். தாமாகவே அழைத்துக் குறியீடு கேட்பவர் வங்கி என்றாலும் நிவாரணம் என்றாலும் 'அஸ்வெசும' என்றாலும் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

சங்கங்கள் கைக்கொள்ள வேண்டியவை

• உதவி பெறும் நேரத்தில் சங்கத்தின் இரண்டு பேராவது கணனிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

• தொடங்குமுன் தேவையற்ற கோவைகளை மூடிவிடுங்கள். காணிப் பத்திரங்களின் பிரதிகளைத் தனிப் பென்டிரைவில் வைத்து, அதைக் கழற்றிவிடுங்கள்.

• தொலைபேசியில் பேசிக்கொண்டே வேலை நடக்கட்டும். என்ன செய்கிறார் என்பதை அவர் சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும். மின்சாரம் நின்று இணைப்பு அறுந்தாலும் பேச்சு அறாது.

• விளங்காத எதையும் கண்டால் இணைப்பைத் துண்டியுங்கள். முடியாவிட்டால் இணையத்தை நிறுத்துங்கள்.

• ஒரு கொப்பியில் திகதி, நேரம், வந்தவர் பெயர், செய்த வேலை ஆகியவற்றை எழுதி ஒப்பமிடுங்கள்.

• வங்கிக் கடவுச்சொல்லை யார் பார்க்கும்போதும் தட்டச்சு செய்யாதீர்கள்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். "தம்பி, உங்கட உதவி எங்களுக்கு எப்பவும் வேணும். ஆனா ஒவ்வொரு தடவையும் நாங்களே கதவத் திறந்து விடுறம்" என்று தலைவர் சொன்னால் அவர் கோபிக்கமாட்டார். நாளை ஏதும் பிழை நடந்தால், சந்தேகம் அவர்மீது விழாமல் காப்பதும் அதுவேதான்.

உங்கள் சங்கக் கூட்டத்தில் கலந்துரையாடுவதற்கு:

1. எமது கணனிக்குள் யார் யாருடைய விபரங்கள் இருக்கின்றன? அது அவர்களுக்குத் தெரியுமா?

2. இதுவரை எத்தனை பேரிடம் அதன் கடவுச்சொல் போயிருக்கிறது? அதைக் கடைசியாக எப்போது மாற்றினோம்?

3. தூரத்திலிருந்து உதவி பெறும் நேரத்தில் கூட இருக்கப்போகும் இரண்டு பேர் யார்?