அத்திப்பழ அடையும் அவலோசு உருண்டையும்



பட்டணத்தில் குடியிருக்கும் நம் ஊர்க் குடும்பம் ஒன்று. மாதந்தோறும் தங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தி வந்தவர்கள் திடீரென்று நிறுத்திவிட்டனர். காரணம் கேட்டபோது அந்தச் சகோதரி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “பாஸ்டர், மற்ற வீடுகளில் பப்ஸும் கேக்கும் கொடுக்கிறார்கள். இருபது பேருக்கு வாங்க எங்களால் முடியவில்லை. வெறும் தேநீர் கொடுக்க வெட்கமாயிருக்கிறது.” சத்துருவின் எதிர்ப்பினால் அல்ல, பேக்கரியின் விலைப்பட்டியலினால் ஒரு வீட்டில் ஜெபம் நின்றுபோயிற்று! குற்றம் அவருடையதன்று. சிற்றுண்டியில் ஒருவரையொருவர் மிஞ்சப் பார்த்த நம்முடையது.

வீட்டிலேயே செய்யலாமே என்றால், “எங்களிடம் ஓவன் இல்லையே” என்றார். ஓவன் எதற்கு?

1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அபிகாயில் தாவீதின் மனுஷருக்குத் தீவிரமாய் அனுப்பியவற்றுள் இருநூறு அத்திப்பழ அடைகள் உண்டு. உலர்ந்த அத்தியை அழுத்திச் செய்த அந்த அடையைச் சூளையில் வேகவைக்க வேண்டியதில்லை. 30ஆம் அதிகாரத்தில், வியாதிப்பட்டபடியால் எஜமானால் கைவிடப்பட்டு, மூன்று நாள் இராப்பகல் பட்டினியாய்க் கிடந்த எகிப்திய வாலிபனுக்கு உயிர் திரும்பச் செய்த ஆகாரத்திலும் அவ்வடையின் ஒரு துண்டு இருந்தது. இன்று கடைகளில் பளபளக்கும் உறையில் ‘எனர்ஜி பார்’ என்று விற்கப்படுவது ஏறக்குறைய இதுவே.

நம்முடைய கோட்டுகால், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளிலும் இந்த ஞானம் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்தது, ஆனால் அவலோசு உருண்டை இருபுறத்து அடுக்களைகளிலும் உருண்டுகொண்டேயிருந்தது.

அதன் முறை இது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீர் வடித்து, சற்றுக் கரகரப்பாய் இடித்துக்கொள்ளுங்கள். பட்டணத்தில் கடைப் புட்டுமாவும் உதவும். இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தேங்காய்த் துருவல், சிறிது சீரகம், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசறி அரைமணி நேரம் மூடி வையுங்கள். பின்பு கனமான உருளியில், தீ மட்டாய் எரிய, மணல்போல உதிர்ந்து இளஞ்சிவப்பாகும்வரை வறுக்க வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் சில நாட்களிலேயே கெட்டுவிடும். கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி (மண் இருக்கும், மறவாதீர்கள்), சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டுக் காய்ச்சுங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் விரலுக்குள் உருள வேண்டும். அதுவே பதம். பாகை மாவில் சிறிது சிறிதாய் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே அழுத்திப் பிடியுங்கள். ஆறினால் பிடிபடாது.

உருண்டை பிடிக்க நேரமில்லாதவர்கள் துண்டுகளாக வெட்டலாம். மொறுமொறுப்பாய் வறுத்த கெட்டி அவல் ஒரு கோப்பை, தோல் நீக்கிய வறுகடலை ஒரு கோப்பை, எள் இரண்டு கரண்டி. இவற்றுக்கு ஒரு கோப்பை கருப்பட்டிப் பாகு. நெய் தடவிய தட்டில் கொட்டி, டம்ளரின் அடியால் அழுத்தி, சூடிருக்கையிலேயே கத்தியால் கோடிட்டுவிடுங்கள். பழைய கருப்பட்டி சில வேளை இறுகாது. பொட்டுக்கடலை மாவு இரண்டு கரண்டி தூவி உருண்டையாக்கிவிடலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் ஓவன் கண்டதில்லை. அமெரிக்காவிலும் 1939இல் கெலாக்ஸ் நிறுவனத்துச் சமையற்கூடப் பெண்கள் இருவர், பொரியரிசியை உருக்கிய மார்ஷ்மெல்லோவில் கிளறி இப்படியே வெட்டினார்கள். பாகு ஒன்று, பொரி ஒன்று. தத்துவம் நம் பாட்டிகளுடையதுதான்.

அடுப்பே வேண்டாம் என்போர் விதை நீக்கிய பேரீச்சம்பழத்தை அரைத்து, வறுத்த முந்திரித் துண்டுகளோடு பிசைந்து, உருட்டி, எள்ளில் புரட்டலாம்.

சில எச்சரிப்புகள். பச்சை மைதாவை வறுக்காமல் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். அதில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். சிறு குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், பொடித்துப் போடுங்கள். பூசணம் பிடித்துக் கசக்கும் கடலையை எறிந்துவிடுங்கள். கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்குத் தீங்கு செய்யாது என்று நம் சபைகளிலும் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு, கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அவர்களுக்கு வறுத்த கடலையை இனிப்பில்லாமல் தனியே வையுங்கள்.

அந்தச் சகோதரியின் வீட்டில் ஜெபக்கூட்டம் மறுபடியும் நடக்கிறது. முதல் மாதம் பாகு முற்றிவிட்டது, உருண்டை கல்லைப்போலிருந்தது. பல்லில்லாத பெரியவர் ஒருவர் தேநீரில் நனைத்து நனைத்து இரண்டைத் தின்றுவிட்டு, மூன்றாவதைத் துண்டில் முடிந்துகொண்டு போனார்.