மின்சாரம், இணையம், கைப்பேசி: சேரும் முன்பே விலகும் வழியைக் கேளுங்க!

"மாசம் இவ்வளவுதான்!"

மின்சாரம், இணையம், கைப்பேசி என எதற்குப் பதிவு செய்யப் போனாலும் முதலில் காதில் விழுவது இதுதான். ஆனால் தலைவலி பெரும்பாலும் சேரும்போது வருவதில்லை. வீடு மாறும்போது, படிக்க வெளிநாடு போகும்போது, இதைவிட மலிவான திட்டம் கண்ணில் படும்போதுதான் வருகிறது.

முதல்முறையாக உங்கள் பெயரில் கட்டண ரசீது வரப்போகிறதா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படிச்சிடுங்க.

பாதியில் விலகினால் எவ்வளவு?

ஒப்பந்தம் முடியும் முன் விலகினால் பொதுவாகக் கட்டணம் உண்டு. அதைக் கணக்கிடும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

எடுத்துக்காட்டு: மாதம் 40 வெள்ளி, 24 மாத ஒப்பந்தம். மீதமுள்ள மாதங்களுக்கான முழுத் தொகையையும் கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. 10 மாதத்தில் விலகினால், மீதி 14 மாதத்துக்கு 560 வெள்ளி. மாதம் 5 வெள்ளி மிச்சம் பிடிக்க மாறினால் கட்டுப்படியாகுமா? நீங்களே சொல்லுங்க!

மூன்றுக்கும் ஒரே வழியா?

இல்லை. இங்கேதான் பலர் குழம்பிப்போகிறார்கள்.

• கைப்பேசி: எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றவேண்டுமா? பழைய சேவையை முதலில் ரத்து செய்யாதீங்க. எண்ணே கைவிட்டுப் போகலாம். புதிய நிறுவனத்திடம் எண்ணை மாற்றித்தரச் சொல்லுங்க.

• வீட்டு இணையம்: புதிய நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால் பழையது தானாக நின்றுவிடாது. நீங்கள்தான் ரத்து செய்யவேண்டும். மறந்தால் இரண்டு ரசீது வரும்.

• மின்சாரம்: மாற்றத்தைப் புதிய நிறுவனமே பார்த்துக்கொள்ளும். மின்கம்பிகளைப் பராமரிப்பது தொடர்ந்து எஸ்பி குழுமம்தான், அதனால் விளக்கு அணையாது. பழைய ஒப்பந்தம் முடியாமல் இருந்தால் அதற்கான கட்டணம் மட்டும் உங்கள் தலையில்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு?

சில மின்சாரத் திட்டங்கள் தானாகவே புதுப்பிக்கப்படும். புதிய விலை பழைய விலையாக இருக்கவேண்டும் என்பதில்லை. மின்சார நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் முக்கிய அம்சங்களைத் தொகுத்து ஒரு தகவல் தாள் கொடுக்கவேண்டும். விலை, காலம், முன்வைப்புத் தொகை, விலகல் கட்டணம், புதுப்பிப்பு எல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தை விட்டுடுங்க, அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிங்க.

நிறுவனமே விலகினால்?

அதுவும் நடந்திருக்கிறது. 2018இல் ஜூரோங்கில் தொடங்கிய திறந்த மின்சாரச் சந்தை, 2019 மே மாதத்துக்குள் தீவு முழுவதும் விரிந்தது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. 2021இல் உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியபோது, ஐஸ்விட்ச் உள்ளிட்ட சில நிறுவனங்கள் சந்தையைவிட்டு வெளியேறின. வாடிக்கையாளர்கள் எஸ்பி குழுமத்துக்கு மாற்றப்பட்டார்கள். மின்சாரம் தடைபடவில்லை. ஆனால் அவர்கள் நம்பிச் சேர்ந்த அந்தக் குறைந்த விலை போய்விட்டது.

பிரச்சினை வந்தால்?

முதலில் நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்க. தொலைபேசியில் பேசினாலும் தேதி, நேரம், பேசியவரின் பெயரைக் குறித்துவையுங்க. விற்பனையாளர் வாய்வார்த்தையாகச் சொன்ன சலுகையை அப்போதே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது.

தீர்வு கிடைக்கவில்லையா?

• தொலைத்தொடர்புப் பூசல்களுக்கு, தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் மாற்றுத் தீர்வுத் திட்டம் 2022 முதல் இருக்கிறது. முதலில் சமரசப் பேச்சு நடக்கும்.

• சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியையும் நாடலாம்.

• 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, அவர்களுக்கு அங்கே அனுமதியும் இல்லை. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் செலுத்துவது 10 வெள்ளி.

இப்போதே செய்யவேண்டிய ஒன்று: உங்கள் ஒப்பந்தங்கள் முடியும் தேதிகளைத் தேடி எடுங்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்பாகக் கைப்பேசி நாட்காட்டியில் நினைவூட்டல் வையுங்க. விலகல் கட்டணம் இல்லாமல் பேரம் பேசக் கிடைக்கும் நேரம் அதுதான்.